மேடை ஏறும் பிள்ளையிடம் என்ன சொன்னால் உடம்பு அடங்கும்? (பேச்சுப் போட்டி, பிளஸ் ஒன்)

குடியாத்தம் தமிழாசிரியை:

அடுத்த மாதம் வேலூரில் மாவட்ட அளவில் பேச்சுப் போட்டி. எங்கள் பள்ளியிலிருந்து பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி போகிறாள். தலைப்பு 1806 வேலூர்ப் புரட்சி, நேரம் ஐந்து நிமிடம். வகுப்பறையில் கணீரென்று பேசுகிறாள். காலைப் பிரேயரில் மைக் முன்னால் நிறுத்தினால் விரல் ஐஸ் மாதிரி ஆகிவிடுகிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது, முதல் நாலு வரி நடுங்குகிறது. அதைத் தாண்டிவிட்டால் சரியாகப் போகிறாள், ஆனால் மூன்றாவது நிமிடத்தில் ஒரு வரி மறந்து அப்படியே நின்றுவிடுகிறாள்.

சுற்றியிருப்பவர்கள் "தைரியமா பேசு", "பயப்படாதே", "இன்னா கீது இதுல பயப்பட" என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சொல்லச் சொல்ல அவளுக்கு இன்னும் சில்லிடுகிறது. நான் கேட்பது இதுதான்: ஆதரவாகப் பேசுவது மனசுக்கு இதம் என்பது சரி, உடம்பில் (துடிப்பு, வியர்வை, நடுக்கம்) அது உண்மையிலேயே எதையாவது மாற்றுமா? மாற்றுமென்றால் எதை, எப்போது, யார் சொல்ல வேண்டும்? குடியாத்தத்தில் பஸ் ஏறுவதிலிருந்து மேடை இறங்குவது வரை செய்கிற மாதிரி யாராவது சொன்னால் புண்ணியம். "தன்னம்பிக்கை வளர்க்கவும்" வகைப் பதில்கள் ஏற்கெனவே நிறைய கையில் இருக்கின்றன.

நாடி பார்ப்பவன்:

மாற்றும் டீச்சர். ஆனால் எந்த நேரத்தில் சொல்வது உடம்பின் எந்தப் பகுதியைத் தொடும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

மேடைப் பதற்றத்தில் உடம்புக்குள் இரண்டு வண்டி கிளம்புகிறது. ஒன்று வேகமானது. பரிவு நரம்பு மண்டலமும் (ஆபத்தென்றால் உடம்பை உசுப்பிவிடும் நரம்புகள்) அட்ரினலினும். பெயர் கூப்பிட்ட சில நொடிகளில் இதயம் எகிறும். தோலில் உள்ள சிறு ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் விரல் சில்லிடும். எச்சில் குறைந்து கெட்டியாகும். தசைகளில் மெல்லிய நடுக்கம். குரல்வளைத் தசை இறுகுவதால் குரல் ஒரு கட்டை மேலே ஏறும். உங்கள் மாணவியின் முதல் நாலு வரி பிரச்சினை முழுக்க இதுதான். பேச்சாளர்களின் துடிப்பை அளந்து பார்த்தால் உச்சம் பெரும்பாலும் முதல் நிமிடத்திலேயே வந்துவிடும், பிறகு தானாக இறங்கும். 120, 130 என்பதெல்லாம் சாதாரணம். நோய் இல்லை.

இரண்டாவது வண்டி மெதுவானது. மூளையின் ஹைப்போதலமஸ், பிட்யூட்டரி, அங்கிருந்து சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பி. அங்கே சுரப்பது கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன். இது பதற்றம் தொடங்கி 20 முதல் 30 நிமிடத்தில்தான் உச்சிக்குப் போகும், இறங்க ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். இது அதிகமானால் படித்து வைத்ததை மூளை எடுத்துக் கொடுப்பது தடுமாறும். உங்கள் மூன்றாவது நிமிடக் கதைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஐந்து நிமிடப் பேச்சில் அந்தக் கார்ட்டிசால் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மேடையில் வந்ததல்ல. தன் முறைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஏறுவது.

ஆகவே மேடைப் படிக்கட்டில் வைத்துச் சொல்லும் வார்த்தை கார்ட்டிசாலைத் தொடவே தொடாது, அது அதற்குள் ரத்தத்தில் இருக்கிறது. அதைத் தொட வேண்டுமானால் பஸ்ஸிலும் காத்திருக்கும் பெஞ்சிலும் தொட வேண்டும்.

ஆதரவு வேலை செய்கிறதா என்பதற்கு ஒரு நேரடிச் சான்று உண்டு. ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993இல் கிர்ஷ்பாமும் கூட்டாளிகளும் ஒரு சோதனை முறையை வெளியிட்டார்கள். சிறிது நேரம் தயாரிப்பு, ஐந்து நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் மனக்கணக்கு (1022இலிருந்து பதிமூன்று பதிமூன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும், தப்பினால் முதலிலிருந்து). எதிரே நடுவர் குழு. அவர்கள் சிரிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது. பேச்சு நின்றால் "இன்னும் நேரம் இருக்கிறது" என்று மட்டும் சொல்வார்கள். இந்த வறண்ட முகங்களின் முன்னால் பேசிக் கணக்கும் போட்டால் உமிழ்நீரில் கார்ட்டிசால் இரண்டு மூன்று மடங்கு ஏறும். 2013இல் அதே சோதனையை நட்பான வடிவில் மாற்றிச் செய்தார்கள்: சிரிப்பு, தலையாட்டல், இடையில் அன்பான கேள்வி. பேச்சு இருந்தது, ஆள்கள் எதிரில் இருந்தார்கள், கார்ட்டிசால் ஏறவில்லை.

இதற்கு முன்பே 2004இல் டிக்கர்சன், கெமெனி இருவரும் 208 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது கார்ட்டிசாலை அதிகம் தூண்டுபவை இரண்டு என்று கண்டார்கள்: பிறர் நம்மை எடை போடுகிறார்கள் என்ற உணர்வு, நம் கையில் எதுவும் இல்லை என்ற உணர்வு. "தைரியமா பேசு" என்பது ஏன் பலிக்கவில்லை என்று இப்போது பாருங்கள். அது அவளுடைய தைரியத்தையும் சேர்த்து எடை போடுகிறது. பேச்சுக்கு மட்டும் மார்க் என்றிருந்தது, இப்போது பயத்துக்கும் மார்க்.

பாலாற்று மணல்:

மேலே நண்பர் உடம்பைச் சொல்லிவிட்டார். நான் வார்த்தைக்கு வருகிறேன். மாணவர்களுக்கு மேடைப் பயிற்சி கொடுப்பதே தொழில் என்பதால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறுதல் சொல்வதில் மூன்று படி உண்டு. கீழ்ப் படி, உணர்வை மறுப்பது: "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?" நடுப் படி, உணர்வைத் தாண்டிப் போவது: "விடு, முடிஞ்சதும் ஆம்பூர் பிரியாணி சாப்டலாம்." மேல் படி, உணர்வைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டு அவளையே பேசவிடுவது: "நெஞ்சு படபடன்னு அடிக்குதாம்மா? புது இடம், புது ஆளுங்க, அடிக்கத்தான் செய்யும். எந்த இடத்துல தடுக்கும்னு உனக்குத் தோணுது?" இந்த மூன்றாவதில் கடைசிக் கேள்விதான் சரக்கு. பிள்ளை "கில்லஸ்பி வர்ற இடம் மிஸ்" (புரட்சியை அடக்க வந்த ஆங்கிலேயத் தளபதி) என்று சொன்னால் மொத்த பயமும் ஒரு வரிக்குச் சுருங்கிவிட்டது. ஒரு வரியைச் சரி செய்யலாம், பயத்தைச் சரி செய்ய முடியாது.

அதற்காக உட்காரவைத்து மணிக்கணக்கில் உணர்வு விசாரணை நடத்த வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் போதும். கண்ணுக்குத் தெரிகிற உதவி சில சமயம் எதிராகத் திரும்பும் என்பதை போல்கர், அமரெல் இருவரும் 2007இல் இதே மாதிரி பேச்சுச் சோதனை வைத்துக் காட்டினார்கள். "உனக்கு நான் உதவுகிறேன்" என்று வெளிப்படையாகக் கொடுத்த உதவி பலன் தரவில்லை, உதவி என்று தெரியாதபடி கொடுத்தது பதற்றத்தைக் குறைத்தது. வெளிப்படையான உதவிக்குள் "உன்னால் தனியாக முடியாது" என்றொரு செய்தி ஒளிந்திருப்பதுதான் கோளாறு. ஆக டீச்சர், அவளிடம் நேராகச் சொல்லாமல் கூட வரும் இன்னொரு பிள்ளையிடம் அவள் காதில் விழ, "முதல் வரிய மெதுவா ஆரம்பிச்சா மூச்சு தானா சேர்ந்துக்கும்" என்று சொல்லுங்கள். வேண்டியவள் எடுத்துக்கொள்வாள்.

இனி நாள் கணக்கு. போட்டிக்குப் பத்து நாளைக்கு முன்பே உரையை வெட்டுங்கள். முழு மனப்பாடம் கார்ட்டிசாலுக்கு வசதியான இரை, ஒரு கண்ணி அறுந்தால் அடுத்தது கைக்கு வராது. முதல் நான்கு வாக்கியம், கடைசி இரண்டு வாக்கியம் மட்டும் எழுத்து பிசகாமல். நடுவே ஐந்து விரலுக்கு ஐந்து செய்தி. கட்டை விரல்: புதுத் தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம். ஆள்காட்டி: நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் வந்த தடை. நடு விரல்: கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் பிள்ளைகள். மோதிர விரல்: ஜூலை 10, விடியுமுன் வெடித்தது. சுண்டு விரல்: ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையோடு வந்த கில்லஸ்பி. ஒவ்வொரு விரலுக்கும் அவளே அந்த நேரம் வாக்கியம் கட்டட்டும். மறந்தால் விரலைத் தொட வேண்டியதுதான். "நம் கையில் எதுவும் இல்லை" என்ற உணர்வுக்கு இதைவிட நேரான மருந்து எனக்குத் தெரியாது, சொல்லின் நேர்ப் பொருளிலேயே கையில் இருக்கிறது!

ஒத்திகை முடிந்ததும் நீங்கள் பேசும் முதல் வாக்கியம் முக்கியம். "நல்லாருந்துச்சு" என்பதைப் பிள்ளைகள் நம்புவதில்லை, எல்லோருக்கும் சொல்வதென்று அவர்களுக்குத் தெரியும். "குதிரைப் படை ஆற்காட்டை விட்டுக் கிளம்புற இடத்துல ஒரு நொடி நிறுத்துன பாரு, பின் பெஞ்சுல இருந்தவங்க நிமிர்ந்தாங்க" என்று சொன்னால் நம்புவாள், ஏனென்றால் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். திருத்தம் ஒரு தடவைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். போட்டிக்கு முந்தைய நாளும் போட்டியன்றும் திருத்தமே கூடாது. ல-ள-ழ சரியில்லை என்று பஸ்ஸில் வைத்துச் சொல்லும் ஆசிரியர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அன்றைக்கு அந்த ழகரம் திருந்தாது, கை மட்டும் சில்லிடும்.

பஸ்ஸில்: குடியாத்தத்திலிருந்து காட்பாடி வழியாக வந்தால் கே.வி.குப்பம் வரை ஒரு தடவை விரல்களை மட்டும் ஓட்டிப் பார்க்கட்டும். லத்தேரி தாண்டிவிட்டால் தாளை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். காலையில் இட்லியோ உப்புமாவோ சாப்பிட்டே ஆக வேண்டும். வெறும் வயிற்று நடுக்கமும் பய நடுக்கமும் சேர்ந்தால் எது எதுவென்று அவளுக்கே தெரியாது.

ஹாலில்: போனதும் காலி மேடையில் ஒரு முறை ஏறி நிற்க அனுமதி கேளுங்கள். மைக் உயரத்தை அப்போதே பார்த்துக்கொள்ளலாம். வாயிலிருந்து நாலு விரற்கடை தூரம் வைத்து, ஸ்டாண்டிலேயே இருக்கட்டும். கையில் பிடித்தால் கை நடுக்கம் அப்படியே ஸ்பீக்கரில் கேட்கும். குறிப்பு வேண்டுமென்றால் கெட்டியான சின்ன அட்டை. ஏ4 தாள் கையிலிருந்தால் நடுக்கம் கடைசி வரிசைக்கும் தெரியும், தெரிகிறது என்று அவளுக்கும் தெரியும். வேலூர் வெயிலில் தகரக் கூரை ஹாலாக இருந்தால் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடியுங்கள். வியர்வை வெயிலால் வந்தாலும் மூளை அதைப் பயக்கணக்கில் எழுதிக்கொள்ளும்.

பெயர் கூப்பிட ஐந்து நிமிடம் இருக்கும்போது: மூச்சு. இங்கேதான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். "நல்லா இழுத்து இழுத்து மூச்சு விடு" என்றால் பிள்ளை வேகவேகமாக இழுத்து கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றி, விரல் நுனி மதமதக்கும். சொல்ல வேண்டியது "மெதுவா ஊது." நாலு எண்ணும் வரை மூக்கால் உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகும். வெளிமூச்சு நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு துடிப்பைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டு நிமிடம் போதும். தண்ணீர் இரண்டு மடக்கு, பாட்டில் முழுதும் காலி செய்தால் அடுத்த கவலை கழிப்பறை எங்கே என்பதாகிவிடும். இனிப்பு கொடுக்காதீர்கள், மக்கன் பேடா எல்லாம் திரும்பி வரும்போது.

படிக்கட்டில் சொல்ல ஒரே வாக்கியம்: "உடம்பு ரெடியாயிடுச்சு, போ." படபடப்பை அடக்கு என்பதைவிட அதற்கு வேறு பெயர் வைப்பது நன்றாக வேலை செய்கிறது. 2014இல் ஹார்வர்டில் அலிசன் வுட் ப்ரூக்ஸ் செய்த சோதனையில் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள் மேல் தரமாகப் பேசினார்கள். துடிப்பு குறைந்ததால் அல்ல, துடிப்பு அப்படியேதான் இருந்தது.

கோட்டை மைதானம்:

எல்லாம் சரி. ஆனால் நடைமுறை வேறு. போட்டியில் நடுவர்கள் மூன்று பேரும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள், ஒருவர் போனைக்கூடப் பார்ப்பார். பள்ளியில் தலையாட்டித் தலையாட்டிப் பழக்கிவிட்டு இங்கே கொண்டுவந்து விட்டால் பிள்ளை உடைந்துவிடாதா? தாங்கித் தாங்கி வளர்ப்பதைவிட முதலிலேயே முறைத்துக்கொண்டு உட்கார்ந்து பழக்குவது நல்லது என்பது என் கட்சி.

பாலாற்று மணல்:

கோட்டை சார், பாதி ஒப்புக்கொள்கிறேன். வறண்ட முகத்துக்குப் பழக்கத்தான் வேண்டும், எதை முதலில் செய்வது என்பதில்தான் சண்டை. முதல் இரண்டு ஒத்திகை முழு ஆதரவு முகம். அடுத்த இரண்டில் மூன்று பேர் ஆதரவு, இரண்டு பேர் குனிந்து எழுதுவது. கடைசி இரண்டில் எல்லோரும் எழுதுவது, ஒருவர் நடுவில் எழுந்து போவது. முதல் நாளே முறைத்தால் பிள்ளை கற்றுக்கொள்வது "மேடை என்றால் அடி" என்பதை மட்டும்தான்.

முகத்தின் பலத்தையும் குறைத்து எடை போடாதீர்கள். 2002இல் கணினியில் உருவாக்கிய பொம்மைப் பார்வையாளர்கள் முன்னால் ஆள்களைப் பேசவைத்தார்கள். பொம்மை என்று தெரிந்தும் கொட்டாவி விட்டு முகம் சுளிக்கும் கூட்டத்தின் முன்னால் பதற்றம் ஏறியது.

நடுவர் குனிவதற்கு அர்த்தம் சொல்லிக்கொடுப்பதும் ஆதரவில் சேர்த்திதான். "தலையைக் குனிஞ்சா உனக்கு மார்க் போடுறாங்கன்னு அர்த்தம். யாருமே குனியலைன்னாதான் கவலைப்படணும்." உண்மையும் அதுதானே. இதோடு, பார்வையாளர் பக்கத்தில் நம் பிள்ளைகள் மூன்று பேரை இடது, நடு, வலது என்று உட்காரவைத்துவிடுங்கள், மூன்றாவது நான்காவது வரிசையில். அவர்கள் வேலை பேசுபவரைப் பார்ப்பதும் ஒரு செய்தி முடியும்போது மெல்லத் தலையசைப்பதும். கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவது, உதட்டால் வரி எடுத்துக்கொடுப்பது எல்லாம் வேண்டாம், அதைப் பார்த்ததும் "நான் தப்பு செய்கிறேன் போல" என்று தோன்றிவிடும்.

நாடி பார்ப்பவன்:

கோட்டை சார் கேள்விக்கு ஓர் எண் சொல்லலாம். 1995இல் 20 ஆண்களை அடுத்தடுத்து ஐந்து நாள் இதே ட்ரியர் சோதனையில் நிறுத்தினார்கள். 13 பேருக்கு முதல் நாள் மட்டும் கார்ட்டிசால் ஏறியது, இரண்டாம் நாளிலிருந்து உடம்பு பழகிவிட்டது. மீதி 7 பேருக்கு ஐந்து நாளும் ஏறிக்கொண்டே இருந்தது. "முறைத்துப் பழக்கு" வைத்தியம் அந்த 13 பேருக்கு எப்படியும் பலிக்கும், ஆதரவு தேவைப்படுவது அந்த 7 பேருக்கு. தம்மைப் பற்றிக் குறைந்த மதிப்பு வைத்திருந்தவர்கள்தான் அந்த ஏழில் விழுந்தார்கள். உங்கள் மாணவி எந்தப் பக்கம் என்பது மூன்றாவது ஒத்திகையில் தெரிந்துவிடும். விரல் அன்றைக்கும் அதே மாதிரி சில்லிட்டால் முகங்களைக் கடுமையாக்குவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

இன்னொன்று. நடுக்கம் வெளியே தெரிவதாக அவள் நினைப்பதில் பாதிகூடத் தெரிவதில்லை. இதை முன்கூட்டியே விளக்கிச் சொன்ன பேச்சாளர்கள், சொல்லப்படாதவர்களைவிட நன்றாகப் பேசினார்கள் என்று சாவிட்ஸ்கியும் கிலோவிச்சும் 2003இல் காட்டினார்கள். போனில் ஒத்திகையை எடுத்து அவளிடமே காட்டிவிடுங்கள். பத்து வார்த்தை ஆறுதலைவிட அந்தப் படம் பேசும். ஆனால் தனியாகக் காட்டுங்கள், வகுப்பு குரூப்பில் போடாதீர்கள்.

மனவியல் முதுகலை:

இதையே பள்ளி அறிவியல் கண்காட்சிக்குச் செயல்திட்டமாகச் செய்ய நினைப்பவர்களுக்கு, அளக்கும்போது எங்கே சறுக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் மலிவு, ஆனால் நமக்கு வேண்டிய நேரத்தில்தான் கைவிடும். பதற்றத்தில் விரலுக்கு ரத்தம் குறைவதால் கோடு வராது, அல்லது தவறான எண் காட்டும். கையை ஆட்டிப் பேசினாலும் அப்படியே. நகப்பூச்சு, கருப்பு மருதாணி இருந்தால் அதோடு போச்சு. மணிக்கட்டில் நாடி பிடித்து 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குவதே பள்ளிக்கு நல்லது. பேசி முடித்த 15 நொடிக்குள் எண்ணத் தொடங்க வேண்டும், தாமதித்தால் துடிப்பு சரிந்துவிடும். முதல் நிமிட உச்சத்தை இப்படிப் பிடிக்க முடியாது. அதற்கு மார்பில் கட்டித் துடிப்பை அளக்கும் பட்டை வேண்டும்.

பெரிய தப்பு ஒப்பீட்டில் நடக்கும். உட்கார்ந்திருந்தபோது 78, பேசிய பின் 112, ஆக பயம் 34 என்று எழுதிவிடுவார்கள். எழுந்து நின்றதற்கே பத்து இருபது ஏறும், வாய்விட்டுப் பேசியதற்கு இன்னும் கொஞ்சம். ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் தனியறையில் நின்றபடி பாடப்புத்தகத்தை ஐந்து நிமிடம் சத்தமாக வாசிக்கட்டும், அந்த எண்தான் அடிப்படை அளவு. மேடை எண்ணிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் கூட்டத்தின் கணக்கு.

ஆதரவு முகம், வறண்ட முகம் இரண்டையும் ஒரே பிள்ளைக்குச் செய்தால் பாதிப் பேருக்கு ஆதரவு முதலில், பாதிப் பேருக்கு வறண்டது முதலில் என்று மாற்றி வைக்க வேண்டும். இரண்டாவது முறை எப்படியும் துடிப்பு கொஞ்சம் குறையும், அதை ஆதரவின் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. இரத்த அழுத்தம் எடுத்தால் கை இதய மட்டத்தில், வாய் மூடி. அளக்கும்போது "பயமா இருந்துச்சா?" என்று கேட்டு அவள் பதில் சொன்னால் அந்த அளவு வீண்.

உமிழ்நீர்க் கார்ட்டிசால் கல்லூரி ஆய்வகம் இருந்தால் மட்டும். காலையில் விழித்து அரை மணி நேரத்தில் கார்ட்டிசால் இயல்பாகவே உச்சத்தில் இருக்கும், ஆதலால் சோதனை மதியத்துக்கு மேல். ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்து சாப்பாடு, டீ, பல் துலக்கல் கிடையாது. மாதிரி எடுப்பது பேச்சுக்கு முன், முடிந்த உடன், 10, 20, 40 நிமிடம் கழித்து. முடிந்த உடன் மட்டும் எடுத்துவிட்டு "ஏறவே இல்லை" என்று எழுதும் செயல்திட்டங்கள் உண்டு, ஏறுவதற்குள் மூடிவிட்டார்கள்.

பெற்றோர் கையெழுத்து கட்டாயம். யாருடைய எண்ணையும் பெயரோடு சுவரில் ஒட்டாதீர்கள்.

மருந்தாளுநர்:

யாரும் கேட்கவில்லை, ஆனால் இந்த மாதிரி இழை ஓடினால் கடைசியில் ஒருவர் "ப்ரோப்ரனலால் பாதி மாத்திரை போடச் சொல்லுங்க, கை நடுங்காது" என்று எழுதுவார். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அது பீட்டா தடுப்பான். நடுக்கத்தையும் துடிப்பையும் குறைக்கும் என்பது உண்மை. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மூச்சுக்குழாயை இறுக்கி ஆபத்தில் கொண்டுபோய் விடும், மற்றவர்களுக்கும் அழுத்தம் இறங்கி மேடையிலேயே மயக்கம் வரலாம். மருத்துவர் பார்க்காமல் பேச்சுப் போட்டிக்காகப் பள்ளிப் பிள்ளைக்கு மெடிக்கலில் வாங்கிக் கொடுக்கிற சரக்கு இல்லை.

குடியாத்தம் தமிழாசிரியை:

எல்லோருக்கும் நன்றி. விரல் முறையை நாளைக்கே தொடங்குகிறேன். ஒரு சந்தேகம் பாக்கி. அவள் அம்மா கூட வருவேன் என்கிறார். முன் வரிசையில் உட்கார்ந்து தைரியம் கொடுப்பாராம். நெருங்கியவர் எதிரில் இருந்தால் உடம்புக்கு நல்லதுதானே?

நாடி பார்ப்பவன்:

அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது டீச்சர். பேசத் தயாராகும் நேரத்தில் நெருங்கிய நண்பன் கூட இருந்தபோது ஆண்களுக்குக் கார்ட்டிசால் குறைந்ததை 2003இல் பார்த்தார்கள். ஆனால் 1995இன் இன்னொரு ஆய்வில், காதலனின் துணை இருந்த பெண்களுக்குக் குறைவதற்குப் பதில் சற்று ஏறும் போக்கே தெரிந்தது. 2007இல் பெண்களை மட்டும் வைத்துச் செய்ததில் துணைவர் வாயால் சொன்ன ஆதரவு கார்ட்டிசாலைக் குறைக்கவில்லை, சோதனைக்கு முன் கழுத்தையும் தோளையும் பிடித்துவிட்டது கார்ட்டிசாலையும் துடிப்பையும் சேர்த்தே குறைத்தது. இவையெல்லாம் வளர்ந்தவர்கள் மேல் செய்தவை, பதினாறு வயசுப் பிள்ளைக்கும் அம்மாவுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்புள்ளவர் முன்னால் சறுக்கக் கூடாது என்பதும் ஒரு பாரம்தான்.

பாலாற்று மணல்:

பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்: "அம்மா ஹாலுக்குள்ள இருக்கட்டுமா, வெளியில இருக்கட்டுமா?" எது சொன்னாலும் ஏன் என்று கேட்க வேண்டாம். வெளியே என்றால் அதை அம்மாவிடம் நீங்கள் சொல்லுங்கள், அவள் வாயால் சொல்லவைக்காதீர்கள். "உள்ள இடம் குறைவும்மா" என்றால் முடிந்தது. காத்திருக்கும் பெஞ்சில் மட்டும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தலையைப் பின்னிவிடட்டும், முதுகைத் தடவட்டும், பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். பெயர் கூப்பிட்டதும் கையிலிருக்கும் தண்ணி பாட்டிலை வாங்கிக்கொண்டால் போதும்.

உள்ளே இருக்கட்டும் என்று சொன்னால், முன் வரிசை மட்டும் வேண்டாம். கடைசிக்கு முந்தைய வரிசை, நடைபாதை ஓரம்.